தலைச்சனும் அடுத்ததும்: ஒரு ஆராய்ச்சியைக் கேள்வி கேட்போம்

(சங்கத்தின் குடும்ப தினக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"மாமா, குடும்பத்துக்கு உபயோகமா ஏதாவது பேசுங்கோ" என்றார் காரியதரிசி. நான் முப்பது வருஷம் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சராசரியும் சதவிகிதமும்தான். அதை வைத்துக்கொண்டு குடும்பத்துக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, விஷயம் தானாகவே வாசலுக்கு வந்தது.

எங்கள் குடியிருப்பில் ஒரு பெண். இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு நாலு வயசு முடியவில்லை. அவனுக்கும் அடுத்தவனுக்கும் பதினைந்து மாசம்தான் வித்தியாசம். சின்னவன் பேச ஆரம்பிக்கக் கொஞ்சம் தாமதமாயிற்று. உறவினர் ஒருவர் ஆங்கிலப் பத்திரிகையில் வந்த துணுக்கு ஒன்றைக் கத்தரித்து அவளிடம் கொடுத்திருக்கிறார். முதல் குழந்தையின் ரத்தத்தில் ஹார்மோன் அதிகம், அடுத்துப் பிறப்பவர்களுக்குக் குறைவு, சீக்கிரமே பெற்றால் இன்னும் குறைவு, அதனால்தான் தலைச்சன்கள் கெட்டிக்காரர்கள் என்று அதில் போட்டிருந்தது. அவள் என்னிடம் அதை நீட்டி, "மாமா, நான் அவசரப்பட்டுட்டேனா? இவனுக்கு வர வேண்டியதை நானே கொறைச்சுட்டேனா?" என்று கேட்டாள். கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கு ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பினேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். அவளுக்குச் சொல்ல வேண்டிய முழுப் பதிலைத்தான் இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்போகிறேன்.

நம் வீடுகளில் தலைச்சனுக்கு எப்போதுமே தனி ஸ்தானம். 'சீமந்த புத்திரன்' என்று பட்டமே கொடுத்திருக்கிறோம். சீமந்தம் முதல் கர்ப்பத்துக்குத்தானே! ஜ்யேஷ்ட பிள்ளைக்கும் ஜ்யேஷ்ட பெண்ணுக்கும் ஆனி மாதத்தில் விவாகம் வேண்டாம் என்று பார்க்கிறவர்கள் இன்றும் உண்டு. மேல்நாட்டிலும் இந்த நினைப்பு பழையதுதான். பிரபலமான ஆங்கில விஞ்ஞானிகளில் மூத்த பிள்ளைகள் அதிகம் என்று பிரான்சிஸ் கால்டன் 1874-லேயே எழுதினார். ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு விஞ்ஞானத்தின் முத்திரையும் கிடைத்தால், யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. நாம் கேட்டுப் பார்ப்போம்.

துணுக்கின் மூலம் 1979-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆராய்ச்சி. எலினார் மெக்கோபி, கரோல் ஜாக்லின் என்ற மனோதத்துவ நிபுணர்களும் அவர்களுடைய சகாக்களும் செய்தது. பிரசவ சமயத்தில் தொப்புள்கொடியிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஐந்து ஹார்மோன்களை அளந்தார்கள். தலைச்சன் குழந்தைகளுக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், புரோஜெஸ்டிரோனும் ஈஸ்ட்ரோஜன் வகைகளும் அதிகமாக இருந்தன. ஆண்குழந்தைகளில் தலைச்சன்களுக்கு டெஸ்டோஸ்டிரோனும் அதிகம். பிரசவங்களுக்கு நடுவே இடைவெளி குறைவாக இருந்தபோது ஹார்மோன் அளவும் குறைவாக இருந்தது. இதுவரை துணுக்கு சொன்னது சரி. ஆனால் அவர்கள் அளந்தது பிறந்த குழந்தையின் ரத்தத்தை. கெட்டிக்காரத்தனத்தை அங்கே யாரும் அளக்கவில்லை. அந்த வாலைப் பின்னால் யாரோ ஒட்டியிருக்கிறார்கள்.

நான் கேட்கும் முதல் கேள்வி: எந்த வேளையில் அளந்தது? பிரசவ நேரத்து ரத்தம் அந்த ஒரு வேளையின் நிலவரம். அதில் நஞ்சுக்கொடி சுரப்பதும் கலந்திருக்கிறது. முதல் பிரசவத்தில் வலி பொதுவாக நீண்ட நேரம் நீடிக்கும் என்பதை இங்கிருக்கும் மாமிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆண் சிசுவின் டெஸ்டோஸ்டிரோன் உச்சத்துக்குப் போவதோ மூன்றாம் மாசத்திலிருந்து ஐந்தாம் மாசத்துக்குள். கல்யாணத்தன்று பந்தியில் எத்தனை இலை விழுந்தது என்று எண்ணிவிட்டு, அந்த வீட்டில் வருஷம் முழுக்க எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சொல்ல முடியுமா?

இரண்டாவது கேள்வி: அதிகம் என்றால் நல்லது என்று யார் சொன்னது? பணம் போல, ஹார்மோனும் கூடினால் லாபம் என்று நினைத்துக்கொள்கிறோம். அதே குழுவினர் அந்தக் குழந்தைகளுக்கு ஆறு வயசானபோது சோதித்து 1988-இல் முடிவை வெளியிட்டார்கள். வடிவங்களையும் திசைகளையும் மனசில் வைத்துப் பார்க்கும் திறமையை எடுத்துக்கொண்டால், ஆண்குழந்தைகளிடம் பிறந்தபோதிருந்த ஹார்மோனுக்கும் அதற்கும் தொடர்பே தென்படவில்லை. பெண்குழந்தைகளிலோ ஆண்ட்ரோஜன் வகை அதிகமாக இருந்தவர்கள்தான் குறைவாக வாங்கினார்கள்! துணுக்கு எழுதியவர் இந்த இரண்டாம் பாகத்தைப் படித்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது கேள்வி என் தொழிலைச் சேர்ந்தது: யாரை யாரோடு ஒப்பிட்டார்கள்? பழைய ஆராய்ச்சிகள் பலவற்றில் ஒரு வீட்டுத் தலைச்சனை இன்னொரு வீட்டு நாலாவது குழந்தையோடு ஒப்பிட்டிருப்பார்கள். நாலாவது குழந்தை என்றால் அது நாலு பேராவது உள்ள வீட்டில்தான் இருக்கும். அந்த வீட்டின் வருமானம், தாயாரின் படிப்பு, இடவசதி எல்லாமே வேறாக இருக்கலாம். அப்போது நாம் அளப்பது பிறந்த வரிசையையா, குடும்பத்தின் நிலைமையையா?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நார்வே தேசத்திலிருந்து ஒரு அருமையான சான்று கிடைத்தது. அங்கே வாலிபர்களை ராணுவ சேவைக்கு எடுக்கும்போது புத்திக்கூர்மைச் சோதனை உண்டு. பெட்டர் கிறிஸ்டென்சன், டோர் பியர்கெடால் என்ற இருவர் 2,41,310 வாலிபர்களின் மதிப்பெண்களை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். மூத்தவர்களுக்கும் அடுத்தவர்களுக்கும் சராசரியில் சுமார் 2.3 புள்ளி வித்தியாசம் இருந்தது. இத்தோடு விட்டிருந்தால் துணுக்குக்காரர் ஜெயித்திருப்பார். அவர்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள். இரண்டாவதாகப் பிறந்து, மூத்தது சிசுவிலேயே தவறிப்போனதால் வீட்டில் மூத்தவனாக வளர்ந்தவர்களின் மதிப்பெண் எப்படி? தலைச்சன்களின் மதிப்பெண்ணுக்குச் சமம்.

சற்று நிதானமாக யோசியுங்கள். கர்ப்பத்தைக் கணக்கில் எடுத்தால் அவர்கள் இரண்டாவது. தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்திருந்தால் அது இரண்டாவது குழந்தையின் ரத்தம்தான். ஆனாலும் மதிப்பெண் மூத்தவனுடையது. அப்படியானால் காரணம் தாயாரின் வயிற்றில் இல்லை. அந்தக் குழந்தை வளர்ந்த கூடத்தில் இருக்கிறது.

கூடத்தில் என்ன நடக்கிறது? அமெரிக்காவில் குடும்பங்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவழிக்கின்றன என்ற தினசரிக் குறிப்புகளை ஜோசப் பிரைஸ் என்ற பொருளாதார நிபுணர் 2008-இல் ஆராய்ந்தார். பெற்றோர் ஒரே நாளில் குழந்தைகளுக்குள் பாரபட்சம் காட்டுவதில்லை. ஆனால் குழந்தைகள் வளர வளர, மொத்தமாகக் கொடுக்கும் நேரம் வருஷா வருஷம் குறைகிறது. ஆகவே மூத்தவன் ஐந்து வயசில் பெற்ற நேரத்தை, இளையவன் தன் ஐந்து வயசில் பெறுவதில்லை. தினசரி 20 முதல் 30 நிமிஷம் குறைகிறது. மனமறிந்து யாரும் வஞ்சனை செய்யவில்லை. கணக்கு அப்படி விழுகிறது.

எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவரும் பங்குகொண்ட மற்றொரு ஆராய்ச்சி 2018-இல் அச்சில் வந்தது. அமெரிக்கக் குழந்தைகளைப் பற்றியதுதான். அன்பும் அரவணைப்பும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரிதான் கிடைக்கின்றன. ஆனால் புத்தகம் படித்துக் காட்டுவது, பேச்சுக் கொடுப்பது போன்ற மூளைக்கான தூண்டுதல் பின்னால் பிறந்தவர்களுக்குக் குறைகிறது என்று கண்டார்கள்.

இதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். தூண்டுதல் குறைந்ததும் மதிப்பெண் குறைந்ததும் சேர்ந்து நடந்தன என்பதால் ஒன்றுதான் மற்றதற்கு முழுக் காரணம் என்று ஆகிவிடாது. ஆனால் ஹார்மோன் கதைக்கும் இதற்கும் ஒரு பெரிய பேதம் உண்டு. பிறந்த அன்றைய ரத்தத்தை நாம் மாற்ற முடியாது. சாயங்காலம் அரை மணி நேரத்தை மாற்றலாம்.

இன்னொன்று, வித்தியாசத்தின் அளவு. ஐ.க்யூ. என்கிறோமே, அதில் சராசரி 100. ஜனங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் 85-க்கும் 115-க்கும் நடுவில் இருப்பார்கள். அதில் இந்த இரண்டு புள்ளி எந்த மூலைக்கு? ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய மூன்று தேசங்களிலும் 20,000-க்கு மேற்பட்டவர்களின் விவரங்களை ஆராய்ந்தார்கள். இரண்டு பிள்ளைகள் உள்ள வீடுகளில் பத்துக்கு ஆறில் மூத்தது கூடுதல் வாங்குகிறது, நாலில் இளையது. பொறுப்பு, கூச்சம், கோபம் போன்ற சுபாவத்தில் வரிசைக்குத் தக்க நிலையான வித்தியாசம் எதையும் காணவில்லை. நாணயத்தைச் சுண்டிப் போடுவதைவிடக் கொஞ்சம்தான் மேல். இதை நம்பி எந்தக் குழந்தையின் தலையெழுத்தையும் எழுத முடியாது.

நம்மவர்களில் உதாரணம் வேண்டுமா? ராமானுஜன் தலைச்சன். சர் சி.வி. ராமன் இரண்டாவது. அவருடைய தமையனாரின் குமாரர் சுப்ரமணியன் சந்திரசேகர், இரண்டு அக்காக்களுக்குப் பிறகு மூன்றாவதாகப் பிறந்தவர். சித்தப்பாவுக்கு 1930-இல் நோபல் பரிசு. அண்ணா பிள்ளைக்கு 1983-இல். இதை நான் நிரூபணமாகச் சொல்லவில்லை. மூன்று பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அதேபோல் எதிர்வீட்டு மூத்த பிள்ளை ஐ.ஐ.டி.யில் சேர்ந்ததை வைத்தும் எதையும் நிரூபிக்க முடியாது.

நம் தேசத்துக்கு வந்தால் விஷயம் விளையாட்டில்லை. சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் இந்தியக் குழந்தைகளின் உயரத்தை 25 ஆப்பிரிக்க நாடுகளின் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2017-இல் எழுதினார்கள். முதல் குழந்தையை எடுத்தால் நாம் பின்தங்கவில்லை. இரண்டாவதிலிருந்து பின்தங்குகிறோம்; மூன்றாவதில் இன்னும் அதிகம். மூத்த ஆண்பிள்ளைக்கு முதலிடம் கொடுக்கும் நம் வழக்கத்தை அவர்கள் முக்கியக் காரணமாகக் காட்டுகிறார்கள். அதாவது, பாலும் பருப்பும் வைத்தியமும் வரிசைப்படி விழுகின்றன. இங்கே ஹார்மோனைக் குற்றம் சொன்னால் நாம் தப்பித்துக்கொள்கிறோம் என்று அர்த்தம்.

ஊருக்கு உபதேசம் பண்ணுகிறவன் தன் வீட்டையும் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு பிள்ளை, ஒரு பெண். மூத்தவனுக்கு ராத்திரி தவறாமல் கதை சொல்வேன். வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தேன். நாலு வருஷம் கழித்துப் பெண் பிறந்தபோது எனக்கு விடைத்தாள் திருத்துவது, பரீட்சைப் பொறுப்பு என்று வேலை கூடிவிட்டது. பெண் நன்றாகத்தான் படித்தாள், நல்ல உத்தியோகத்தில் இருக்கிறாள். போன வருஷம் இந்த விஷயம் பேச்சில் வந்தபோது சாதாரணமாகச் சொன்னாள்: "அண்ணாவுக்கு நீ கதை சொன்னியாமே அப்பா. எனக்கு அண்ணாதான் சொன்னான்." குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவளுடைய ரத்தத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவளுக்குக் கொடுக்காத அந்த அரை மணி நேரம் எங்கே போயிற்று என்று தெரியும்.

ஆகவே அந்தப் பெண்ணுக்கு நான் சொல்வது இது. அம்மா, நீ எதையும் குறைத்துவிடவில்லை. உன் வயிற்றின் மீது பழி போடும் அந்தத் துணுக்கைக் கிழித்துப் போடு. பேச்சுத் தாமதம் என்றால் குழந்தை வைத்தியரிடம் காட்டு; காது சரியாகக் கேட்கிறதா என்று முதலில் பரிசோதனை செய். பிறகு சாயங்காலம் மூத்தவனைத் தாத்தாவிடமோ பாட்டியிடமோ ஒப்படைத்துவிட்டு, சின்னவனோடு மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசு. அவன் பதில் சொல்லாவிட்டாலும் பேசு.

இங்கிருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் ஒரு விண்ணப்பம். பேரன் பேத்திகளில் இரண்டாவது, மூன்றாவதைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். மூத்ததற்குச் சொன்ன அதே கதைதான், அலுக்காமல் இன்னொரு தடவை சொல்லுங்கள். உங்களுக்கு அது பழைய கதை. அந்தக் குழந்தை இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறது.