ஸ்டார்ட்டர் சோம்பினால் ஸ்பேனரை எடுக்காதீர்கள்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் பேசியது)



சம்பள விஷயத்தைச் செயலாளர் பேசுவார். நாங்கள் பேச வந்தது, ஸ்டோருக்குப் பின்னால் நிற்கும் சாம்பல் நிறப் பெர்குசன் டிராக்டரைப் பற்றி. கிராணிக்கும் டிராக்டருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் சிரிக்கிறீர்கள். சம்பந்தம் உண்டு. பெரிய வண்டி பழுதான நாட்களில் இதுதான் பால் இழுக்கிறது. அது எத்தனை மணிக்கு வந்தது என்று புத்தகத்தில் எழுதுவது எங்கள் கை. “வண்டி தாமதம்” என்று நாங்கள் எழுதிய வரிதான், ஓட்டுநர் அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதமாகப் போய்ச் சேர்ந்தது. ஏன் தாமதம் என்று நாங்கள் எழுதவில்லை; கேட்கவுமில்லை.

ஸ்டார்ட்டர் சோம்பிவிட்டது, அதுதான் காரணம். இரண்டு சுற்று முனகிவிட்டு நின்றுவிடும். நான்கு பேர் தள்ளினால்தான் வண்டி கிளம்பும். இரண்டாவது கடிதம் வந்துவிடுமோ என்று பயந்த அண்ணன், ஒரு நாள் காலை பிரட்டு முடிந்ததும் கீழே நின்றபடியே ஸ்பேனரை எடுத்தார். பாட்டரி ஒயர் வந்து சேரும் முனையையும் ஸ்டார்ட்டர் முனையையும் அதனால் சேர்த்துப் பிடித்தார். வண்டி கியரில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. எஞ்சின் பிடித்துக்கொண்டது, வண்டி பாய்ந்தது. பின்சக்கரத்தின் முன்னே நின்ற மனிதர் துள்ளி விலகியதால் பூட்ஸ் நுனி மட்டும் நசுங்கியது.

இந்த வண்டியைச் செய்தவர்கள் இதை யோசிக்காமல் இல்லை. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இந்த மாதிரி டிராக்டர்கள் ஐந்து லட்சத்திற்கு மேல் செய்யப்பட்டன. இதில் ஸ்டார்ட்டருக்குத் தனிப் பொத்தான் கிடையாது. கியர் கம்பியையே ‘எஸ்’ என்ற இடத்திற்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். கம்பி அங்கே இருக்கும்போது வண்டி எந்தக் கியரிலும் இருக்க முடியாது. எவ்வளவு எளிய காவல் பாருங்கள்! ஸ்பேனர் வைத்த மறுகணம் அந்தக் காவல் இல்லாமற் போகிறது.

ஆகவே நாங்களும், பட்டறைத் தோழரும், ஓட்டுநர் அண்ணனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். ஸ்டார்ட்டரைக் கழற்றுமுன் ஒயர்களைப் பார்க்கச் சொன்னார் பட்டறைத் தோழர். எர்த் ஒயர் வண்டி உடம்பில் பூட்டும் இடத்தில் பச்சை உப்பு பூத்திருந்தது. எஞ்சினைச் சுற்றவிட்டு, பாட்டரியின் எர்த் முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே மீட்டரை வைத்தார். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது, ஒன்றரை காட்டியது. பன்னிரண்டு வோல்ட் வண்டியில் இது சின்ன நஷ்டமல்ல. சுரண்டித் துடைத்துப் பூட்டியதும் பாதிச் சோம்பல் போயிற்று.

மீதிப் பாதிக்குப் பாட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டார்ட்டரை இறக்கினோம். உள்ளே நான்கு கார்பன் பிரஷ்கள். தேய்ந்து குட்டையாகி, ஸ்பிரிங் அழுத்தியும் செம்பைச் சரியாகத் தொடாமல் நின்றன. பழைய வால்களை வெட்டிப் புதியவற்றை ஈயம் வைத்துப் பற்றவைத்தோம். செம்புக் கட்டைகள் சேர்ந்த கம்யூட்டேட்டர் கரியாய்க் கறுத்திருந்தது. அதைப் பெட்ரோல் துணியால் துடைத்து, மரத்திற்குத் தேய்க்கும் நைசான உப்புத்தாளால் மெருகேற்றினோம். எமரித்தாள் ஆகாது, அதன் பொடி செம்பில் பதிந்துவிடும். டைனமோவில் செய்வதுபோல் கட்டைகளுக்கு நடுவிலுள்ள மைக்காவைக் கீறிப் பள்ளமாக்கவும் கூடாது. இந்த ஸ்டார்ட்டருக்கு அது ஆகாது என்று பட்டறைத் தோழர் எங்கள் கையிலிருந்த வாளைப் பிடுங்கிக்கொண்டார்!

பெரிய குற்றவாளி புஷ்தான். அது தேய்ந்ததால் ஆர்மேச்சர் தாழ்ந்து, சுற்றியுள்ள இரும்போடு உரசியிருந்தது. உரசிய இடம் கண்ணாடிபோல் மின்னியது. புதிய வெண்கலப் புஷ்களை ஒரு நாள் முழுக்க மெல்லிய எஞ்சின் எண்ணெயில் ஊறப்போட்ட பிறகே அடித்து இறக்கினோம். பற்சக்கரம் ஓடும் திருகுத் தண்டை மண்ணெண்ணெயில் கழுவினோம். ஆனால் எண்ணெய் போடவில்லை. போட்டால் தோட்டத்துத் தூசியெல்லாம் அங்கே ஒட்டிக்கொண்டு பல் சிக்கிவிடும்.

மறுநாள் கியர் கம்பியைத் தள்ளியதும் வண்டி கிளம்பியது. செலவு ஒரு செட் பிரஷ், இரண்டு புஷ். இவற்றைத்தான் “பழைய வண்டிக்கு எதற்கு?” என்று மாதக்கணக்கில் மறுத்து வந்தார்கள்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி, இயந்திரத்தைப் பழுதின்றி வைப்பது முதலாளியின் கடமை. 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தமோ, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்காவிட்டால் அவ்விடத்தை விட்டு விலகலாம் என்கிறது. நாற்பது பேருக்குக் குறையாத இடத்தில் பாதுகாப்புக் குழுவும் இருக்கவேண்டும். நம் தோட்டத்தில் அக்குழு கடைசியாக எப்போது கூடியது என்று குறிப்பேட்டில் தேடினோம். கிடைக்கவில்லை.

எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெறுமாறு கிளையின் பெயரால் நிர்வாகத்திற்கு எழுதியாயிற்று. எங்கள் பங்குக்கு, பால் புத்தகத்தில் “தாமதம்” என்ற கட்டத்தின் பக்கத்தில் “காரணம்” என்று ஒரு கோடு போட்டிருக்கிறோம். வண்டி ஓட்டும் தோழர்கள் வந்து சொல்லுங்கள், சொன்னபடியே எழுதுகிறோம். இனிச் செயலாளர் சம்பள விஷயம் பேசுவார்.