கேரவன் வண்டியும் பழுது நீக்கும் பொறுப்பும்

படுக்கை, சிறு சமையலறை, கழிவறை ஆகியவற்றோடு நெடும்பயணத்துக்கென அமைக்கப்படும் கேரவன், தமிழ்நாட்டில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியாகவே பலருக்கும் அறிமுகம் என்றாலும், இன்று குடும்பங்களும் அதை விலைகொடுத்து வாங்குகின்றன. இந்தியாவில் பெரும்பாலும் ஒரு நிறுவனம் எஞ்சினையும் சேசிஸையும், அதாவது வண்டியின் சுமை தாங்கும் அடிச்சட்டத்தையும் தர, கரூரில் பேருந்துகளுக்குச் செய்வதுபோல மற்றொரு நிறுவனம் அதன்மேல் பாடி கட்டுகிறது. செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா சிட்டியில் ஆய்வு மையம் நடத்தும் மகிந்திரா நிறுவனம், சென்னை ஐஐடியின் ஆதரவில் வளர்ந்த கேம்பர்வேன் ஃபேக்டரியோடு 2022-இல் செய்துகொண்ட ஒப்பந்தமும் இத்தகைய கூட்டு முயற்சியே.

பழுது நேர்கையில் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. மாமல்லபுரத்து உப்புக்காற்றில் நின்ற வண்டியின் கூரை இணைப்பு துருவேறிக் கசிந்தால், விற்ற டீலர் அதைப் பாடி கட்டியவரின் குறை என்பார். பேட்டரி அடிக்கடி இறங்கினால், பாடி கட்டியவர் அதைச் சேசிஸ் வயரிங்கின் கோளாறு என்பார். ஆகவே எந்தப் பாகத்தை யார், எந்த ஊரில் பழுது நீக்குவர் என்பதை முன்பணம் தருமுன்பே எழுத்தில் பெறுவது, உள் அலங்காரத்தைத் தேர்வதைவிட முதன்மையானது. வேனை வாங்கித் தாமே மாற்றிக்கொள்வது மலிவாகத் தோன்றினாலும், தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று வேறுபடுமாறு வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

சர்வீஸ் சென்டரில் வண்டியை விடும்போது எழுதப்படும் குறைப்பதிவே ஜாப் கார்டு. அதில் ‘ஜெனரல் செக்கப்’ என்று மட்டும் இருந்தால், பின்னாளில் அது வெற்றுத்தாளுக்குச் சமம். தேதியும் கிலோமீட்டரும் குறையின் தன்மையும் ஒவ்வொரு முறையும் பதிவாகியிருந்தால்தான், ஒரே பழுது திரும்பத் திரும்ப வந்ததை மெய்ப்பிக்க இயலும்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவர் தாம் வசிக்கும் இடத்திலேயே முறையிட வழிசெய்வதால், புனேயில் வாங்கிய வண்டிக்கும் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். டீலர், சேசிஸ் தயாரிப்பாளர், பாடி கட்டியவர் ஆகிய மூவரையும் எதிர்தரப்பாகச் சேர்ப்பது நலம். மாவட்ட ஆணையத்தில் முறையிட, செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய்க்கு மிகாதிருக்க வேண்டும். வழக்குக்குரிய காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் முறையிடவும் வேண்டும். மாமல்லபுரத்துக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப் பல வண்டிகளை வாங்குபவரோ, வணிக நோக்கில் வாங்கியவராகக் கருதப்பட்டு உரிமையியல் நீதிமன்றத்தை நாட நேரலாம். தாமே இயக்கிப் பிழைப்பு நடத்த வாங்கியவருக்குச் சட்டம் இதிலிருந்து விலக்களிக்கிறது.