தைக்கும் கைகள் தளர வேண்டா
(மாதர் சங்கத் தையல் வகுப்பில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



தைக்க உட்காரும் வேளையில்தான் நூல் சிக்கும், விளக்கு அணையும், தொட்டிலில் குழந்தை அழும். 'நமக்கு இது ஆகாது' என்று ஊசியைப் பெட்டியில் போட்டுவிடுவோர் பலர். அவர்களுக்கு ஒரு கிராமத்தின் வரலாற்றைக் கூற விரும்புகிறேன்.

அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்தோடும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள கறுப்பின மக்கள் பருத்தி வயல்களில் பாடுபட்டவர்கள். பகலெல்லாம் உழைத்த பெண்கள், கிழிந்த வேலை உடுப்புகளையும் சாக்குத் துணியையும் வெட்டி இணைத்து, குளிருக்குப் போர்வை தைத்தனர். அவர்கள் வாக்குரிமை கோரிய காலத்தில், 1962-இல், ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அது மீண்டும் தொடங்கியது 2006-இல்தான். ஆனால் ஊசி நிற்கவில்லை. 1966-இல் அவ்வட்டாரப் பெண்கள் கூட்டுறவு அமைத்துப் போர்வைகளை விற்றனர். 2002-இல் ஹூஸ்டன் நகரக் கலைக்கூடம் ஜீஸ் பெண்ட் போர்வைகளைக் காட்சிக்கு வைத்தது.

தேவைக்காகத் தைத்தாலும், எந்த நிறத்தருகே எந்த நிறம் என்பதை அவரவரே முடிவு செய்தனர். அந்த மகிழ்ச்சியை வறுமை பறிக்கவில்லை. துணி போதாத இடத்தில் வேறு நிறம் சேர்ந்தது. அதுவே புதிய கோலமாயிற்று.

ஆகவே தாய்மார்களே, நாளைக்கு ஒரு சாண் தைத்தாலும் போதும். தவறிய தையலைப் பிரித்து மீண்டும் போடலாம். உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சமுதாயக் கூடத்தில் மாலைதோறும் ஒரு விளக்கும் ஒரு பாயும் இவர்களுக்கென ஒதுக்குங்கள். உழவர் பெருமக்களே, அந்த ஒரு மணி நேரம் தொட்டிலை நீங்கள் ஆட்டுங்கள்!