ஒரு காரில் ஒருவர்: கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். வங்கி கவுன்டரில் முப்பத்து நாலு வருடம் உட்கார்ந்தவன் நான். வரிசை நீண்டால் ஜனங்களுக்கு எப்படிக் கோபம் வரும் என்று தெரியும். அதனால் சீக்கிரமே முடித்துவிடுகிறேன்.

சென்ற டிசம்பரில் ஒரு நாள், காலை எட்டே முக்கால் மணி. என் மனைவிக்குத் திடீரென்று மூச்சுத் திணறல். 108-க்குப் போன் செய்தோம். ஆம்புலன்ஸ் தெருமுனைக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. அங்கிருந்து நம் கேட்டுக்குள் வரத்தான் பன்னிரண்டு நிமிடம் ஆனது. கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை, வெளியே போகக் கார்கள் காத்திருந்தன. எல்லாம் நம் கார்கள்தான். ஒதுங்க இடமில்லை. செக்யூரிட்டி தம்பி ஓடி ஓடி வழி ஏற்படுத்தினார். கடவுள் புண்ணியத்தில் அவள் இப்போது நலம், இதோ முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. பத்து நிமிடம் முன்னால் கிளம்பிய என் மகனின் காரும் அந்த வரிசையில்தான் நின்றது. அதில் அவன் ஒருவன் மட்டும்தான் இருந்தான்.

அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை கேட் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினேன். வெளியே போனவை நாற்பத்தொரு கார்கள். முப்பத்து மூன்றில் ஓட்டுபவரைத் தவிர யாரும் இல்லை. விசாரித்ததில், ‘பி’ பிளாக்கிலிருந்து மட்டும் நான்கு பேர் சிறுசேரியில் ஒரே வளாகத்துக்குப் போகிறார்கள். ஒருவரை ஒருவர் லிஃப்ட்டில் பார்த்துச் சிரித்துவிட்டு, நான்கு காரில் ஏறுகிறார்கள்.

காமர்ஸ் படித்தவன், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. மேடவாக்கத்திலிருந்து அலுவலகம் இருபது கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர நாற்பது. மாதம் இருபத்திரண்டு நாள் என்றால் 880 கிலோமீட்டர். நெரிசலில் லிட்டருக்குப் பதினொன்று கிடைத்தால் 80 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் 8,000 ரூபாய். நான்கு பேர் சேர்ந்து போனால் தலைக்கு 2,000. மிச்சம் 6,000. அதை ஆர்.டி.யில் போட்டால் வட்டி இல்லாமலே வருடத்துக்கு 72,000. டயர், சர்வீஸ் செலவு இதில் சேரவில்லை.

இடக் கணக்கும் பாருங்கள். ஒரு கார் சுமார் நான்கு மீட்டர் நீளம். நாற்பது பேர் நாற்பது காரில் போனால், இடைவெளியே விடாமல் நின்றாலும் 160 மீட்டர். அதே நாற்பது பேர் பன்னிரண்டு மீட்டர் பஸ் ஒன்றில் உட்கார்ந்து போகலாம். ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலைக்காக ரோடு குறுகிப்போனதைத் தினமும் திட்டுகிறோம். இருக்கிற ரோட்டையாவது நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்?

‘சார், போன வருஷமே வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தோமே, மூன்று வாரத்தில் படுத்துவிட்டதே’ என்பீர்கள். உண்மை. ஏன் என்று அதில் இருந்தவர்களிடமே கேட்டேன். மூன்று காரணம் சொன்னார்கள்.

முதலாவது பணம். பக்கத்து வீட்டுக்காரரிடம் பெட்ரோல் காசு கேட்கக் கூச்சம். கேட்கவும் வேண்டாம். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டச் சட்டத்தில் இடமில்லை, வாடகை ஓட்டத்துக்குச் சொந்தக் கார் இன்ஷூரன்ஸும் செல்லாது. அதற்கு முறை வைத்துக்கொள்வதுதான் வழி. இந்த வாரம் உங்கள் கார், அடுத்த வாரம் என் கார். கைக்குக் கை காசு மாறாது, மனத்தாங்கலும் வராது.

இரண்டாவது நேரம். ஒருவர் தாமதித்தால் மூவர் நிற்க வேண்டும். எங்கள் காலத்தில் தாம்பரத்திலிருந்து பீச் போகும் எலெக்ட்ரிக் டிரெயினில் எங்களுக்கு ஒரு கூட்டம் உண்டு. வராதவனுக்காக டிரெயின் நிற்காது. அதனாலேயே எல்லாரும் வந்தோம். இங்கும் ஐந்து நிமிடம்தான், அதற்குமேல் கார் கிளம்பிவிடும் என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

மூன்றாவது திரும்பி வருவது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஸ்கூலிலிருந்து போன் வந்தால் என்ன செய்வது? இதைக் கேட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். நியாயமான பயம். இதை நாம் மட்டும் தீர்க்க முடியாது, அலுவலகம்தான் தீர்க்க வேண்டும்.

நம்மில் மேனேஜர்கள் இருக்கிறீர்கள், எச்.ஆரில் இருக்கிறீர்கள், சொந்தக் கம்பெனி நடத்துபவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் நான்கு வேண்டுகோள். சேர்ந்து வருகிறவருக்கு அவசரம் என்றால் அன்று வீட்டுக்குப் போக டாக்ஸி கொடுங்கள். மாதத்தில் ஓரிரு முறைகூட அது தேவைப்படாது, ஆனால் அந்தத் தைரியம் இருந்தால்தான் காரை வீட்டில் விட்டு வருவார்கள். எல்லாரையும் ஒன்பது மணிக்கே வரச் சொல்லாமல், வரும் நேரத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். நான்கு பேரோடு வரும் காருக்கு வாசல் பக்கம் இடம் கொடுங்கள். முடிந்தால் கம்பெனி பஸ் விடுங்கள். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் முதலாளி விடும் வண்டியை ஊழியரின் வருமானமாகக் கருதி வருமான வரி போடுவதில்லை என்பதையும் நினைவுபடுத்துகிறேன்.

இன்னொன்று. காரில் வருபவருக்குப் பார்க்கிங் இலவசம். மாநகரப் பேருந்தில் 1,000 ரூபாய் மாதப் பாஸ் எடுத்து வருபவருக்கு ஒன்றும் இல்லை. கலிபோர்னியாவில் 1992-லேயே இதற்குச் சட்டம் போட்டார்கள். நிறுவனம் வாடகைக்கு எடுத்துக் கொடுக்கும் பார்க்கிங் இடம் வேண்டாம் என்கிற ஊழியருக்கு, அதன் மதிப்பைப் பணமாகத் தரவேண்டும் என்று, குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆட்கள் உள்ள நிறுவனங்களுக்கு விதித்தார்கள். நம்மூர் முதலாளிகள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், பஸ் பாஸ் காசையாவது கொடுக்கலாமே.

தினமும் காரை விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை மட்டும். செக்யூரிட்டி மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பிளாக், போகும் இடம், கிளம்பும் நேரம், திரும்பும் நேரம் என்று நான்கு காலம் போட்டிருக்கிறது. பெண்கள் பெண்களோடு மட்டும் போக விரும்பினால் அதையும் குறிக்கலாம். எழுதினால் போதும், ஜோடி சேர்த்துப் போன் செய்வது என் வேலை. ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை?

முதல் பெயர் என் மகனுடையது. அவனைக் கேட்டுத்தான் எழுதினேன். ‘பி’ பிளாக் நண்பர்களே, அவன் காரில் இன்னும் மூன்று சீட் காலியாக இருக்கிறது.

அடுத்த முறை ஆம்புலன்ஸ் எந்த வீட்டுக்கு வரும் என்று நம் யாருக்கும் தெரியாது. அது வரும்போது வழி இருக்கட்டும்.