கண்காணியும் கங்காணியும்: வான்வழியில் ஒரு சொல்லின் பொறுப்பு



மொழியியல் கற்ற நாம், அரசின் வான்போக்குவரத்து ஆய்வாளரைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அவர் பணியில் பெரும்பகுதி சொல்லைச் செவிமடுப்பதும் எழுத்தைப் படிப்பதுமே என்பதை உணர்ந்தால் அவ்வியப்பு நீங்கும்.

1989 பிப்ரவரி 19ஆம் நாள். சிங்கப்பூரிலிருந்து சுபாங் வந்த ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம், பூச்சோங் அருகே மலைச்சரிவில் மோதிற்று. அதிலிருந்த நால்வரும் மாண்டனர். கட்டுப்பாட்டாளர் இரண்டாயிரத்து நானூறு அடிக்கு இறங்குமாறு பணித்தபோது, அவ்வெண்ணை 'டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என இலக்கம் இலக்கமாகச் சொன்னார். விமானியின் செவியில் முதல் இலக்கமான 'டூ', 'அளவுக்கு' எனப் பொருள்படும் 'டு' ஆயிற்று. எஞ்சியது நானூறு. "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ" என்ற மறுமொழியில் பிழை வெளிப்படையாகவே இருந்தது. அதை எவரும் திருத்தவில்லை. தரை அண்மையில் உள்ளதென எச்சரிக்கும் கருவி ஒலித்தும் விமானம் மேலெழவில்லை. காரணங்கள் பல, எனினும் தொடக்கம் ஓர் ஒலியொப்புமை.

தமிழில் இது நேர்ந்திராது என்று பெருமை கொள்ள வேண்டா. 'நானூறு அடிக்கு' என்னும்போது நான்காம் வேற்றுமை உருபு சொல்லின் ஈற்றில் நிற்பதால் எண்ணோடு மயங்காது, உண்மைதான். ஆயின், நம் 'வேண்டும்' என்னும் சொல்லை நோக்குங்கள். 1944ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கையின் பின்னிணைப்புகளில், கட்டாய நெறியை 'ஷால்' என்றும், பரிந்துரையை 'ஷுட்' என்றும் வேறுபடுத்தி எழுதுவர். தமிழாக்குபவர் இரண்டையும் 'வேண்டும்' என்றால், கட்டளையும் அறிவுரையும் ஒன்றாகிவிடும். 'செய்தல் வேண்டும்' என்றும் 'செய்தல் நன்று' என்றும் பிரித்தெழுதப் பழகுவதே மாணவர்க்கு நல்ல பயிற்சி.

ஆய்வாளர் விமானியின் உரிமத்தைச் சரிபார்க்கிறார். பாவனைப்பொறியில் அவர்தம் திறனை மதிப்பிடுகிறார். நிறுவனத்தின் கையேட்டை வரிவரியாகப் படித்து, எழுதியபடி நடக்கிறதா என நேரில் காண்கிறார். பன்னாட்டு அமைப்பின் மொழித்திறன் அளவுகோல் உச்சரிப்பு, அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், உரையாடல் என ஆறு கூறுகளையும், ஆறு நிலைகளையும் கொண்டது. பணிக்குக் குறைந்தது நான்காம் நிலை தேவை. ஆசிரியர்கள் இங்கு ஒன்றைக் கருதுக: ஆறு கூறுகளின் சராசரி எடுக்கப்படுவதில்லை, மிகக் குறைந்த மதிப்பே ஒருவரின் நிலை. சரளம் மிக்கிருந்தும் புரிதல் குன்றினால், குன்றியதே கணக்கு.

இவ்விடத்தில் நம் இளமை நினைவு ஒன்று. சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் நம் தாயார் பால்மரம் சீவினார். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் வாசிக்கப்படும். அவர் பெயரையே உடைய மற்றொருவரும் அங்கு இருந்தார். ஒருநாள் அவர் வரவில்லை. தாயார் குரல் கொடுத்தார். செக்ரோலில் குறி மற்றவர் பெயருக்கு நேரே விழுந்தது. பெயரோடு தகப்பன் பெயரையும் சொல்லிச் சரிபார்க்க எவருக்கும் தோன்றவில்லை. அன்றைய கூலி போயிற்று. சம்பள நாளன்றே அது தெரிந்தது. அதற்குள் சான்று சொல்ல யாரும் இல்லை.

அக்களத்தில் நின்றவர் கங்காணி. அச்சொல் 'கண்காணி' என்பதன் திரிபு. கண்ணால் கண்டு காப்பவர் என்பதே வேர்ப்பொருள். தோட்ட வாழ்வில் அது ஆள் சேர்ப்பவரையும் அதட்டுபவரையும் குறித்துக் கசப்பேறியது. காப்பு நீங்கி அதிகாரம் மட்டும் நின்றதால் வந்த பொருள்திரிபு இது. வான்போக்குவரத்து ஆய்வாளரோ அவ்வேர்ப்பொருளை மீட்கிறார். அவர் தேடுவது குற்றவாளியை அன்று, கேட்கப்படாமல் போன பிழையை.

கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுவர். 2018இல் மலேசிய வான்போக்குவரத்து ஆணையம் பழைய துறையின் இடத்தில் அமைந்தது. 2019 நவம்பரில் அமெரிக்க அதிகாரிகள் நம் நாட்டின் மேற்பார்வைத் தரத்தை இரண்டாம் பிரிவுக்குத் தாழ்த்தினர். 2022 அக்டோபரில் முதற்பிரிவு மீண்டது. எழுதி வைத்தல், பயிற்றுதல், சரிபார்த்தல் என்பன ஓயாத கடமைகள் என்பதே இதன் பாடம்.

மாணவச் செல்வங்களே, தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, ஈப்போவின் வீடமைப்புப் பகுதிகளில் வளரும் நீங்கள், தமிழ் இலக்கணம் எப்பணிக்கு உதவும் என வினவுகிறீர்கள். ஒரு வேற்றுமை உருபு எங்கு நிற்கிறது, ஒரு வினைமுற்று கட்டளையா அறிவுரையா என நுணுகி நோக்கும் பழக்கம் எம்மொழியில் பெற்றாலும் எம்மொழியிலும் உதவும். சொன்னதைத் திரும்பச் சொல்லச் செய்க, கேட்டதைச் சரிபார்க்க. வகுப்பறையில் தொடங்கும் அப்பழக்கமே ஓடுபாதை வரை செல்லும்.