குண்டின் பரீட்சை



அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாநிலத்தில், கிறிஸ்துமஸ் கழிந்த பின் வரும் குளிர்நாட்களில், சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் பழைய காலத்துத் துப்பாக்கியை மட்டுமே ஏந்தி வெண்வால் மானை வேட்டையாடுவதற்கென்று தனியே ஒரு பருவம் 1974-ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது. நம் பக்கத்தில் நாட்டுத் துப்பாக்கி என்று வழங்குகிறோமே, அந்த இனத்தைச் சேர்ந்ததுதான் அதுவும். குழலின் வாய்வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, எண்ணெய் தோய்ந்த துணித்துண்டில் பொதிந்த ஈய உருண்டையை அதன்மேல் வைத்து, கோலால் இடித்துக் கெட்டித்த பின்னரே சுட முடியும். ஒரு வெடி தீர்ந்துவிட்டால், இத்தனை காரியங்களையும் மறுபடி செய்து முடிப்பதற்குள் மான் காட்டில் மறைந்துவிடும். ஆகவே அந்த ஒரே குண்டு மானின் விலாவைத் துளைத்து, நுரையீரலையோ இருதயத்தையோ கிழித்து, விரைவில் உயிரைப் போக்கியாக வேண்டும். தவறினால், காயம்பட்ட பிராணி நெடுந்தூரம் ஓடி, எங்கோ ஒரு புதரடியில் மணிக்கணக்காக வேதனைப்பட்டுச் சாகும். வேட்டை தகுமா தகாதா என்னும் தர்க்கத்தை நான் இன்று எடுத்துக்கொள்ளவில்லை. வேட்டை நடக்கிற தேசத்தில், குண்டைப் பரீட்சித்துப் பாராமல் காட்டுக்குள் புகுகிறவன் அந்தப் பிராணிக்குத் துரோகம் செய்கிறான் என்பதே என் கட்சி.

அட்டையில் எழுதிய வட்டத்தின் நடுவே குண்டு பட்டதென்று திருப்தி கொள்வது, சுடுகிறவனுடைய கைத்திறமைக்குப் பரீட்சையே அன்றிக் குண்டின் குணத்துக்குப் பரீட்சை ஆகாது. குண்டு எவ்வளவு வேகத்தோடு போய்ச் சேர்கிறது, சேர்ந்த இடத்தில் எவ்வளவு ஆழம் புகுகிறது, புகும்போது எவ்வளவு விரிகிறது, விரிந்த பின் தன் எடையில் எவ்வளவைக் காப்பாற்றிக்கொள்கிறது என்பவற்றையெல்லாம் அறிந்தால்தான் அதன் குணம் விளங்கும்.

இவற்றுள் வேகத்தை அளக்கும் வழியைத் திருத்தமாகச் செய்து காட்டிய பெருமை, பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயக் கணித நிபுணரைச் சேரும். கனத்த மரப்பலகை ஒன்றை ஊஞ்சல்போல் தொங்கவிட்டு, குண்டு அதில் பாய்ந்து பதிந்தவுடன் பலகை எவ்வளவு தூரம் பின்னோக்கி வீசுகிறது என்பதை ஒரு நாடாவின் உதவியால் அளந்து, பலகையின் எடையையும் குண்டின் எடையையும் கொண்டு அவர் வேகத்தைக் கணக்கிட்டார். 1742-இல் அவர் வெளியிட்ட நூலில், ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு எடையுள்ள ஈயக்குண்டு விநாடிக்கு 1,600 அடிக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய்வதாகக் காட்டினார். அதனினும் பெரிய உண்மை ஒன்று அந்தப் பலகையை வெவ்வேறு தூரங்களில் நிறுத்திச் சுட்டபோது வெளிப்பட்டது. தூரம் கூடக்கூட வேகம் வெகுவாகக் குறைந்துகொண்டே போயிற்று. பாய்கிற குண்டைக் காற்று பொருட்படுத்தத்தக்க அளவு தடுப்பதில்லை என்று அதுகாறும் நிலவிய கொள்கை அன்றோடு வீழ்ந்தது. அத்தகைய வேகத்தில் காற்றின் எதிர்ப்பு, குண்டின் எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்டது என்று ராபின்ஸ் நிறுவினார். கணித மகாமேதையான ஆய்லர் அந்நூலை 1745-இல் ஜெர்மன் பாஷையில் பெயர்த்து, தாமே விரிவான குறிப்புகளும் எழுதிச் சேர்த்தார் என்றால் அதன் மதிப்பை வேறு எவ்விதம் சொல்ல வேண்டும்? இவ்வளவு பெரிய மனிதர், கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்திருத்தும் உத்தியோகத்தை ஏற்று 1750-இல் இந்தியாவுக்கு வந்து, மறு வருஷமே கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார் என்னும் செய்தி நம்மவர் பலர் அறிந்திருக்க வேண்டியது.

ராபின்ஸ் கண்ட உண்மை இன்றைய வேட்டைக்காரனை நேராகப் பற்றுகிறது. அரை அங்குல விட்டமுள்ள ஈய உருண்டை விநாடிக்கு 1,800 அடி வேகத்தில் புறப்பட்டாலும், 100 கஜ தூரம் போவதற்குள் அவ்வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடுகிறது. சக்தியோ வேகத்தின் வர்க்கத்தைத் தொடர்ந்து செல்வதாகையால், புறப்பட்டபோது இருந்ததில் பாதிகூட மிஞ்சுவதில்லை. இதை மறந்து, பத்தடி தூரத்தில் தண்ணீர்க் குடுவைகளை வரிசையாக அடுக்கியோ நனைத்த பத்திரிகைத் தாள்களைக் கட்டுக்கட்டாக வைத்தோ சுட்டு, அழகாக மலர்ந்து கிடக்கும் ஈயத்தைக் கண்டு பூரிப்பவர்கள், பத்தடியில் நிற்கும் மானுக்குரிய விடையைத்தான் பெறுகிறார்கள். 1985-இல் டோனி நைட் என்பவர் வடிவமைத்த எம்.கே.85 போன்ற, வாய்வழியே கெட்டிக்கும் புதுவகைத் துப்பாக்கிகளும், பிளாஸ்டிக் உறையில் பொதிந்த குழிமூக்குக் குண்டுகளும் பரவிய பிறகு இந்தச் சங்கடம் பெருகியதே தவிரக் குறையவில்லை. நெடுந்தூரத்தில் தளர்ந்த வேகத்திலும் விரியும்படி மென்மையாகச் செய்த குண்டு, அருகில் நிற்கும் மானின் தோள் எலும்பில் சிதறிவிடலாம். அருகில் சிதறாதபடி உறுதியாகச் செய்தது, தூரத்தில் விரியாமலே ஊசிபோல் ஊடுருவிப் போய்விடலாம். ஆதலால் மான் நிற்கக்கூடிய தூரத்திலேயே இலக்கை வைத்துச் சுட வேண்டும். அல்லது, அத்தூரத்தில் மிஞ்சும் வேகம் கிட்டும்படி மருந்தைக் குறைத்து அருகிலிருந்து சுட வேண்டும்.

இலக்குப் பொருளிலும் பிரமாணம் தேவை. மார்ட்டின் ஃபாக்லர் என்ற அமெரிக்க ராணுவ அறுவைச் சிகிச்சை நிபுணர் நிலைநாட்டிய முறைப்படி, நூற்றுக்குப் பத்துப் பங்கு ஜெலட்டின் கலந்து உறையவைத்த கட்டியை 4 டிகிரி செல்ஷியஸ் குளிரில் வைத்து, முதலில் ஒரு சிறு எஃகுக் குண்டை விநாடிக்கு 590 அடி வேகத்தில் அதனுள் செலுத்துவார்கள். அது சுமார் 8.5 சென்டிமீட்டர் புகுந்து நின்றால்தான் கட்டி பரீட்சைக்குத் தகுதியுடையதாகும். அவ்வளவு கவனத்தோடு செய்தாலும் ஜெலட்டினுக்குத் தோல் இல்லை, விலா எலும்பு இல்லை. ஒரு குண்டையும் மற்றொரு குண்டையும் ஒப்பிட அது உதவுமேயன்றி, மானின் உடலுக்கு அதுவே ஈடாகிவிடாது.

உண்பவருக்கு நஞ்சாகும் ஈயம் இறைச்சியில் எவ்வளவு சேர்கிறது என்று அறிய, மினசோட்டா மாநிலத்து இயற்கை வளத் துறையினர் 2008-இல் வேறொரு பரீட்சை நடத்தினார்கள். உடலமைப்பில் மானை ஒத்த செம்மறியாடுகளின் உடல்களில் பலவகைக் குண்டுகளைச் செலுத்தி, எக்ஸ்ரே படத்தில் ஈயத் துகள்களை எண்ணினார்கள். வேகமாக விரியும் ரைஃபிள் குண்டுகள் ஓர் உடலில் சராசரியாக நூற்றுக்கும் மேற்பட்ட துகள்களைச் சிதறவிட்டன. வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியின் மெதுவான கனத்த குண்டுகளோ அதைவிட மிகக் குறைவாகவே சிதறின. ஆயினும் காயத்தைச் சுற்றியுள்ள இறைச்சியைத் தண்ணீர் விட்டு அலசியபோது, ஈயம் காயத்தருகே குறைந்ததேயன்றி ஒழியவில்லை; தண்ணீரோடு ஓடி, அதுவரை சுத்தமாயிருந்த இறைச்சியிலும் பரவியது. ஆகையால் குண்டு சென்ற வழியைச் சுற்றிலும் தாராளமாக அறுத்து எறிந்துவிட்டு, எஞ்சியதை மட்டுமே வீட்டுக்கு எடுத்துச் செல்வது நல்லது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உண்ணும் வீடுகளில் இந்த ஜாக்கிரதை இரட்டிப்பாக இருக்க வேண்டும்.