சமையலறை கேஸில் கார் ஓடுமா?



2021ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம். 12.5 கிலோ சமையல் எரிவாயுச் சிலிண்டர் ஒன்றின் கொழும்பு விலை 1,493 ரூபாய். அதே மாதம் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 157 ரூபாய். ஒரு சிலிண்டரில் அடங்கியிருக்கும் வெப்பச் சக்தி ஏறக்குறைய 18 லீற்றர் பெற்றோலில் உள்ளதற்குச் சமம். 18 லீற்றர் பெற்றோல் வாங்க 2,826 ரூபாய் வேண்டும். சிலிண்டருக்கு 1,493 போதும். ஏறக்குறையப் பாதி விலை.

பழைய பெற்றோல் கார் வைத்திருந்த எவருக்கும் இந்தக் கணக்கு மனதுக்குள் ஓடியிருக்கும். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டதும் இதைத்தான்: "அண்ணே, பழைய மாருதி ஒன்னு இருக்கு. கேஸுக்கு மாத்திட்டா கட்டுப்படியாகுமா?" இன்றைய உரை அந்தத் தம்பிக்கும், அதே கேள்வியோடு இருக்கிற மற்றவர்களுக்கும்.

முதலில் அந்தக் கணக்கு என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். 2021 ஒக்டோபரில் அரசாங்கம் எரிவாயுவுக்கான விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. 1,493 ரூபாய்ச் சிலிண்டர் சில நாட்களுக்குள் 2,675 ரூபாய்க்கு வந்து நின்றது. பெற்றோல் அப்போதும் 157தான். ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மேல் இருந்த இலாபம் நூற்றைம்பது ரூபாயாகச் சுருங்கிவிட்டது. அதற்கு முந்திய மாதம் கடன் வாங்கி என்ஜினை மாற்றியவர் இருந்தால், அவர் பாடு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பிறகு 2022 வந்தது. ஏப்ரல் மாத இறுதியில் சிலிண்டர் 4,860 ரூபாய். ஜூன் மாதக் கடைசியில் பெற்றோல் 470 ரூபாய். கடதாசியில் பார்த்தால் கேஸ் மறுபடியும் மலிவு. ஆனால் வாங்கச் சிலிண்டர் இல்லை. பெற்றோலுக்கு ஒரு வரிசை, கேஸுக்கு இன்னொரு வரிசை என்று நாடே தெருவில் நின்றது. ஒரு எரிபொருள் கிடைக்காதபோது மற்றது கைகொடுக்கும் என்பதுதான் இரட்டை எரிபொருள் வாகனத்தின் பெரிய கவர்ச்சி. இரண்டும் கப்பலில்தான் வருகின்றன, இரண்டுக்கும் டொலர்தான் கொடுக்க வேண்டும் என்பதை அந்த ஆண்டு நமக்குக் காட்டிவிட்டது.

சரி, மாற்றம் என்றால் என்ன செய்வார்கள்? என்ஜினைக் கழற்றி வேறு என்ஜின் போடுவதில்லை. பெற்றோல் என்ஜின் அப்படியே இருக்கும். பெற்றோல் டேங்கும் இருக்கும். கூடுதலாக டிக்கிக்குள் ஒரு கேஸ் டேங்க் வரும். உருளையாகவும் இருக்கலாம்; ஸ்பெயார் டயர் வைக்கும் குழிக்குள் அடங்கும்படி வட்டமாகவும் இருக்கலாம். அதிலிருந்து ஒரு குழாய் காரின் அடிப்பக்கமாக முன்னால் போகும். அதில் போவது திரவம். என்ஜின் அறையில் ரெடியூசர் என்று ஒரு கருவி. திரவத்தை வாயுவாக்கி, அழுத்தத்தைக் குறைத்து என்ஜினுக்குக் கொடுப்பது அதன் வேலை.

இந்த ரெடியூசரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திரவம் வாயுவாக மாறும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். வெப்பம் கிடைக்காவிட்டால் கருவியே உறைந்துபோகும். அதனால் ரேடியேட்டருக்குப் போகும் சுடுதண்ணீரை இந்தக் கருவியைச் சுற்றியும் ஓடவிடுகிறார்கள். காலையில் குளிர்ந்து கிடக்கும் என்ஜினில் சுடுதண்ணீர் ஏது? ஆகவே வண்டியைப் பெற்றோலில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். தண்ணீர் சூடானதும் கேஸுக்கு மாறும். ஹட்டனில் காலையில் ஸ்டார்ட் செய்து, இரண்டு கிலோமீற்றர் ஓடி, நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்பவரின் கார் பாதி நேரம் பெற்றோலையே குடித்துக்கொண்டிருக்கும். மலையகத்தில் கேஸ் வண்டியின் சேமிப்புக் குறைய இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் ஏற்றம். உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். ஆயிரம் மீற்றர் உயரத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். என்ஜின் இழுக்கும் காற்றும் குறையும், சக்தியும் குறையும். கேஸில் ஓடும்போது வாயுவே உள்ளே கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் காற்று இன்னும் குறைகிறது. நோட்டனைவிட ஹட்டன் முந்நூறு மீற்றருக்கு மேல் உயரம். 800 சீசீ மாருதியில் நாலு பேரும் இரண்டு மூட்டை மரக்கறியும் ஏற்றிக்கொண்டு அந்த ஏற்றத்து வளைவுகளில் வந்தால் இரண்டாம் கியரை விட முடியாது. கேஸுக்கு ஒக்டேன் பெற்றோலைவிட அதிகம். அதைப் பயன்படுத்தி ஸ்பார்க் நேரத்தை முன்தள்ளி வைத்தால் இழந்ததில் ஒரு பகுதி திரும்பி வரும். ஆனால் அதற்குக் கைத்திறன் உள்ள பாஸ் வேண்டும். ஸ்க்ரூவை இரண்டு திருகு திருகிவிட்டு "சரி, கொண்டுபோங்க" என்று சொல்பவர் அந்த வேலைக்கு ஆளில்லை.

மூன்றாவது, வால்வு. கேஸ் உலர்ந்த எரிபொருள். பெற்றோல் துளிகள் வால்வு உட்காரும் இடத்தைக் கொஞ்சம் குளிர்வித்தும் நனைத்தும் கொடுக்கும். கேஸ் அதைச் செய்வதில்லை. சில ஜப்பானிய என்ஜின்களில் வால்வு இருக்கை மென்மையான உலோகம். தொடர்ந்து கேஸில் ஓடினால் இருக்கை தேய்ந்து, வால்வு உள்வாங்கி, இடைவெளி குறைந்து, கடைசியில் கம்பிரஷன் போய்விடும். ஏற்றத்தில் முழு அக்சலரேட்டரில் ஓடும் என்ஜினுக்கு இது சீக்கிரமே வரும். மாற்றுவதற்கு முன் எந்த மொடல் என்ஜின் என்று கேட்காத கராஜில் வண்டியை விடாதீர்கள்.

இவ்வளவு சொன்னதால் நான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். இத்தாலியில் லாண்டி ரென்சோ நிறுவனம் 1954 முதல் இந்தக் கருவிகளைச் செய்துவருகிறது. துருக்கியிலும் போலந்திலும் வீதிக்கு வீதி கேஸ் பம்ப். தென்கொரிய டாக்சிகள் பல்லாண்டுகளாக இதில்தான் ஓடின. புகையும் பெற்றோலைவிடச் சுத்தம். நம் நாட்டிலும் இது புதிதல்ல. இன்று வீட்டுக்கு வீடு சிலிண்டர் விற்கும் லாஃப்ஸ் நிறுவனம் 1995இல் கேஸ் ஓட்டோ லங்கா என்ற பெயரில் தொடங்கியதே பெற்றோல் வாகனங்களைக் கேஸுக்கு மாற்றிக் கொடுக்கத்தான். அந்தக் காலத்தில் கொழும்பில் கேஸ் கார் சாதாரணக் காட்சி. அதற்கும் வெகு முன்னால், இரண்டாம் உலகப் போரில் பெற்றோல் பஞ்சம் வந்தபோது சென்னை மாகாணத்தில் பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பு கட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் பஸ் ஓட்டினார்கள். தாத்தாக்கள் கதை கதையாகச் சொல்வார்கள். ஏற்றத்தில் பயணிகள் இறங்கித் தள்ளிய கதையும் அதில் உண்டு.

ஆக, தொழில்நுட்பத்தில் குறையில்லை. துருக்கிக்காரருக்கு வீட்டுப் பக்கத்தில் பம்ப் இருக்கிறது. நமக்கு?

நோட்டனிலிருந்து கினிகத்தேனை, ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் என்று மனதுக்குள் ஒரு சுற்று வாருங்கள். வாகனத்துக்கு எரிவாயு அடிக்கும் பம்ப் எங்கே பார்த்தீர்கள்? இலங்கையில் அந்த நிலையங்கள் பெரும்பாலும் கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஒட்டியே அமைந்தன. மலையில் கேஸ் என்றால் கடை வாசலில் அடுக்கியிருக்கும் நீலச் சிலிண்டரும் மஞ்சள் சிலிண்டரும்தான். பம்ப் இல்லாத ஊரில் கேஸ் கார் வைத்திருப்பவர் கடைசியில் அந்தச் சிலிண்டரைத்தான் தேடிப்போவார். என் பயம் முழுவதும் அங்கேதான்.

ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். வண்டிக்கென்று செய்த டேங்கில் பல வேலை செய்யும் ஒரு வால்வு இருக்கிறது. டேங்க் நூற்றுக்கு எண்பது நிரம்பியதும் அது தானாக அடைத்துக்கொள்ளும். குழாய் அறுந்தால் வேகமாகப் பாயும் வாயுவை நிறுத்தும். அழுத்தம் மீறினால் வெளியே விடும். என்ஜின் நின்றால் மின்சார வால்வு மூடிக்கொள்ளும். எண்பதோடு ஏன் நிறுத்த வேண்டும்? இந்தத் திரவம் சூட்டில் தண்ணீரைவிடப் பல மடங்கு விரியும். மேலே இடம் விடாமல் நிரப்பிவிட்டால், வண்டியை வெயிலில் நிறுத்தினாலே போதும், அழுத்தம் தாறுமாறாக ஏறும்.

வீட்டுச் சிலிண்டரில் இந்தப் பாதுகாப்புகளில் பெரும்பாலானவை இல்லை. அது அடுப்புக்கு அருகில் நிமிர்ந்து, அசையாமல் நிற்பதற்காகச் செய்தது. மேலேயிருந்து வாயுவை மட்டும் எடுக்கலாம். கார் டேங்குக்குத் திரவம் வேண்டும் என்பதால் சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு ஹோஸைப் பூட்டி, திரவத்தை வடிக்கிறார்கள். எவ்வளவு போனது என்று அளக்க வழியில்லை. ஹோஸைக் கழற்றும்போது சிந்தும் ஒரு லீற்றர் திரவம் ஏறக்குறைய இருநூற்றைம்பது லீற்றர் வாயுவாகப் பரவும். அது காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தில், வடிகானில், டிக்கியின் அடியில் போய்த் தங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். பக்கத்து லயத்தில் யாரோ விறகடுப்பு மூட்டுகிறார் என்றால் அதுவே போதும்.

தமிழ்நாடு இதைக் கண்டு அனுபவித்த இடம். 1984இல் வந்த மாருதி ஆம்னி வேனில் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைச் சீட்டுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடிய காலம் ஒன்று இருந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போன வேன்களிலும் அது இருந்தது. சட்டப்படி குற்றம், ஆனால் மலிவு. 2000இல்தான் இந்திய அரசு சட்டத்தைத் திருத்தி, வண்டிக்கென்று தனி டேங்க், தனி பம்ப், அங்கீகரித்த கருவி என்று வழி திறந்தது. 2001இல் அதற்கென்று தனி ஆணையும் வந்தது. பம்ப் வந்த நகரங்களில் ஓட்டோக்கள் முறையாக மாறின. பம்ப் வராத ஊர்களில் வீட்டுச் சிலிண்டர் பழக்கம் அவ்வளவு எளிதில் போகவில்லை.

நம் நாட்டுக்கு இன்னொரு பாடம் 2021 நவம்பரிலும் டிசம்பரிலும் வந்தது. வீடுகளில் அடுப்பும் ஹோஸும் ரெகுலேட்டரும் வெடித்த செய்திகளை மறந்திருக்க மாட்டீர்கள். சமையல் எரிவாயு என்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டின் கலவை. புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகையிலேயே கொதிக்கும். பியூட்டேன் பூச்சியத்தை ஒட்டித்தான். புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்தக் கலவை விகிதத்தை மாற்றியதே வெடிப்புகளுக்கு முக்கிய காரணம் என்று ஜனாதிபதி நியமித்த குழு சொன்னது. அடுப்படியில் நிற்கும் சிலிண்டரிலேயே உள்ளே என்ன கலவை என்று நமக்குத் தெரியவில்லை என்றால், அதைக் கவிழ்த்துக் காருக்குள் ஊற்றுவது என்ன துணிச்சல்?

மலிவான சமையலறை எரிபொருள் வண்டிக்குள் போவது நமக்குப் புதுப் பழக்கமும் அல்ல. 2022இல் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயாக இருந்தபோது பெற்றோலில் கலந்து ஓட்டோ ஓட்டியவர்கள் எத்தனை பேர்! பிளக் கரியாகி, பிஸ்டன் ரிங் ஒட்டி, கராஜ்களில் வரிசையாக நின்றன அந்த வண்டிகள். ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் 340 ரூபாயானது. அந்த வேலையும் நின்றது. வாரத்துக்கு ஐந்து லீற்றர் கியூஆர் கோட்டாவில் பிழைக்க வேண்டியிருந்த ஓட்டோக்காரரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அது நெருக்கடிக் காலம்.

கேஸ் வண்டியை நீங்கள் தேடிப் போகாவிட்டாலும் அது உங்களைத் தேடி வரலாம். கொழும்பில் பல ஆண்டு கேஸில் ஓடிய கார், விலை குறைவாக இருக்கிறதே என்று மலைக்கு வருகிறது. டிக்கியில் டேங்க் இருக்கும். வாங்குமுன் அந்த டேங்கில் பொருத்திய தகட்டைப் பாருங்கள். ஈ.சீ.ஈ. 67 என்ற தர இலக்கமும் செய்த ஆண்டும் அதில் பொறித்திருக்க வேண்டும். இத்தாலியில் பத்து ஆண்டு கடந்த டேங்கை மாற்றியே ஆக வேண்டும். தகட்டில் அதைவிடப் பழைய ஆண்டு இருந்தால் அந்த டேங்கை நம்பாதீர்கள். தகடே இல்லாவிட்டால் பேரத்தை அங்கேயே நிறுத்துங்கள். வாகனப் பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் என்னவென்று எழுதியிருக்கிறது என்றும், காப்புறுதிக்காரருக்கு இந்த டேங்க் பற்றித் தெரியுமா என்றும் கேளுங்கள். கேஸ் தேவையில்லை என்று முடிவு செய்தால், டேங்கைத் தெரிந்த பாஸிடம் கொடுத்துக் காலி செய்து, குழாயோடு கழற்றிவிடுங்கள். குழாயை மடித்துக் கட்டிவிட்டு டேங்கை அப்படியே வைத்துக்கொண்டு ஓடுவது வேண்டாம்.

அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான். கொழும்பில் இருந்தால், வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் பம்ப் இருந்தால், மாதம் இரண்டாயிரம் கிலோமீற்றர் ஓடினால், கேஸின் லீற்றர் விலை பெற்றோலின் விலையில் முக்கால்வாசிக்குக் கீழே இருந்தால், மாற்றிப் பார்க்கலாம். நோட்டனில் இருந்துகொண்டு வேண்டாம், தம்பி. மாற்றத்துக்கு வைத்திருக்கும் காசில் கார்பரேட்டரைச் சுத்தம் செய்யுங்கள், பிளக்கையும் எயார் ஃபில்டரையும் மாற்றுங்கள், டயருக்குச் சரியான காற்று அடியுங்கள். வீட்டுச் சிலிண்டரை அடுப்படியிலேயே விட்டுவிடுங்கள்.